ஆர்தர் காட்டன்: கல்லணையிடம் பாடம் கற்ற பொறியாளர்... சென்னைக் குழாய்த் தண்ணீருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஏரி ஒன்றும் புதுசு கிடையாது. ஷிப்ட் பஸ் ஜன்னலில் தினமும் ஏதாவது ஒரு ஏரிக்கரை கடந்து போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, கொஞ்சம் தள்ளிப் போனால் செம்பரம்பாக்கம். தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு இந்த மண்ணுக்கு இருந்த அடையாளமே ஏரிதான்.

இங்கிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் போரூர். சென்னைக்கு வரும் வீராணம் தண்ணீர் அங்கேதான் வந்து சேர்ந்து நகரத்துக்குப் பிரிகிறது. கடலூர் மாவட்டத்து ஏரியிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் குழாயில் பயணம் செய்து வரும் தண்ணீர் அது. 2004-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர்.

சரி, அந்த வீராணம் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏரியை வெட்டியது சோழர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில். இன்று அதை நிரப்புவது காவிரித் தண்ணீர். கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் நிற்கும் கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக ஏரிக்குப் போகிறது. அந்தக் கீழணையை 1836-ல் கட்டியவர் ஆர்தர் காட்டன்.

ஆந்திராவில் கோதாவரிக் கரையோர ஊர்களில் இவருக்குச் சிலைகள் உண்டு, மாலை மரியாதை உண்டு. முல்லைப் பெரியாறு கட்டிய பென்னிகுக்கைத் தெரிந்த அளவுக்குத் தமிழ்நாட்டில் இவரைத் தெரியாது. இத்தனைக்கும் அவர் தொழில் பழகியதே தமிழ்நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும்தான். நீர் அறிவியல், கடவுள் நம்பிக்கை, குடும்பம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த வாழ்க்கை அவருடையது.

18 வயதில் முதல் வேலை

காட்டன் பிறந்தது 1803 மே 15, இங்கிலாந்தில். அப்பா ஹென்றி கால்வெலி காட்டனுக்குப் பதினோரு மகன்கள். இவர் பத்தாவது. அண்ணன் தம்பிகளில் பலர் ராணுவத்துக்கும் பொறியியலுக்கும் போனார்கள். பிரெடரிக் என்ற சகோதரரும் பின்னாளில் இதே மெட்ராஸ் பொறியாளர் படையில் பணியாற்றியவர்தான்.

கிழக்கிந்திய கம்பெனி தன் ராணுவப் பொறியாளர்களுக்காக லண்டன் அருகே அடிஸ்கோம்பில் ஒரு கல்லூரி நடத்தியது. 15 வயதில் அங்கே சேர்ந்தார் காட்டன். படிப்பு முடிந்து, வேல்ஸ் பகுதியில் கொஞ்ச காலம் நில அளவைப் பயிற்சி. 1821-ல் மெட்ராஸ் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 18. இன்றைய கணக்கில், பிளஸ் டூ முடித்த கையோடு வெளிநாட்டு போஸ்டிங்.

முதல் பெரிய வேலைகளில் ஒன்று பாம்பன் கால்வாய் பற்றிய கடல் அளவைப் பணி. பிறகு தென் மாவட்டங்களின் ஏரிகளைப் பராமரிக்கும் துறை. இடையில் பர்மாவில் போர் வந்தது. 1824 முதல் 1826 வரை நடந்த அந்தப் போருக்கும் போய்வந்தார். திரும்பி வந்தவருக்குக் காவிரிப் பாசனப் பொறுப்பு கிடைத்தது. அவருடைய வாழ்க்கையின் திசை தீர்மானமானது அங்கேதான்.

கொள்ளிடத்தில் என்ன பிரச்சினை?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியும். தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம்.

இந்த இரண்டில் கொள்ளிடம் நேராக ஓடும். சரிவு அதிகம், ஆற்றுப் படுகையும் தாழ்வு. வெள்ளம் வரும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? தாழ்வான பக்கம்தான். காவிரிப் பக்கம் வேகம் குறைந்து வண்டல் படியும். வண்டல் படியப் படியப் படுகை உயரும். படுகை உயர்ந்தால் தண்ணீர் இன்னும் குறையும். ஆண்டுக்கு ஆண்டு இது தொடர்ந்ததில், 1800-களின் தொடக்கத்தில் தஞ்சை டெல்டாவுக்குப் போக வேண்டிய தண்ணீரின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாக நேரே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வயல்கள் தரிசாகின. நிலவரி வருமானமும் சரிந்தது. கம்பெனி கவலைப்பட்டதற்கு முதல் காரணம் அந்த வரி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காட்டனின் தீர்வு கேட்பதற்கு எளிது. கொள்ளிடம் பிரியும் வாயிலேயே குறுக்கே ஓர் அணை கட்டினால், சாதாரண நாட்களில் தண்ணீர் காவிரிப் பக்கம் திரும்பும். வெள்ளம் வந்தால் அணைக்கு மேல் வழிந்து கொள்ளிடத்தில் போய்விடும். மணல் சேராமல் இருக்க அணையின் அடியில் மதகுகள். இதுதான் முக்கொம்பு மேலணை. மேலணையைத் தாண்டி வந்த தண்ணீரும் வீணாகாமல் இருக்க, இன்னும் 100 கி.மீ.க்கு மேல் கீழே போய் அணைக்கரையில் இரண்டாவது அணை. அதுதான் கீழணை. இரண்டும் எழுந்தது 1836-ல்.

ஆனால் பிரச்சினை அங்கே முடிந்துவிடவில்லை. மேலணை வந்த பிறகு காவிரிப் பக்கம் தண்ணீர் அதிகமாகப் பாய்ந்து படுகையை அரிக்க ஆரம்பித்தது. இதைக் கட்டுப்படுத்த, 1840-களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புக் கட்ட வேண்டியிருந்தது. ஆற்றில் ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கம் அது பதில் சொல்லும் என்பதைக் காவிரி அவருக்கு நேரடியாகவே காட்டியது.

மணலில் அடித்தளம் போடுவது எப்படி?

கேட்பதற்கு எளிதான இந்தத் தீர்வில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கொள்ளிடத்தில் தோண்டத் தோண்ட மணல்தான். கட்டடம் நிற்கப் பாறை வேண்டும் என்று படித்து வந்த பொறியாளருக்கு இது மிரட்டும் இடம்.

விடை பக்கத்திலேயே இருந்தது. மேலணை இடத்திலிருந்து கொஞ்ச தூரம் கீழே போனால் கல்லணை. கரிகால் சோழன் கட்டியதாக மரபு சொல்லும் அந்த அணை பல நூற்றாண்டு வெள்ளங்களைத் தாங்கி நின்றுகொண்டிருந்தது. அதுவும் நிற்பது மணலில்தான். அதன் அடிப்பகுதியைக் காட்டன் ஆராய்ந்தார். பெரிய பெரிய பாறைகளை ஆற்று மணலில் போட்டிருக்கிறார்கள். நீரோட்டம் அடியில் இருக்கும் மணலை அரிக்க, பாறை தானாகவே கீழே இறங்கும். அதன் மேல் இன்னொரு பாறை, இடையில் களிமண். ஒரு கட்டத்தில் பாறைகள் மேலும் இறங்காமல் உறுதியாக நின்றுவிடும். அதற்கு மேல்தான் கட்டுமானம்.

ஆழமும் உறுதியும் தெரியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதை அந்தப் பழைய ஆட்களிடமிருந்துதான் கற்றதாகக் காட்டனே பின்னாளில் எழுதினார். உள்ளூர் அறிவைக் கம்பெனி அதிகாரிகள் பெரும்பாலும் ஏளனமாகப் பார்த்த காலம் அது. முன்பு இங்கே வேலை செய்தவர்களை விடத் தாங்கள் தாழ்ந்து நிற்கிறோம் என்று பதிவு செய்யவும் அவர் தயங்கவில்லை. காவிரியில் கற்ற பாடத்தைத்தான் பிறகு கோதாவரிக்கு எடுத்துப் போனார்.

செங்குன்றத்தில் ஒரு ரயில்

மேலணை, கீழணை வேலை முடிந்த கையோடு சென்னைக்கும் ஒன்று செய்தார். சாலை போடத் தேவையான கற்களைச் செங்குன்றத்திலிருந்து நகரத்துக்குக் கொண்டுவர ஓர் இருப்புப் பாதை அமைத்தார். 1837-ல் ஓடியது. பம்பாய்–தானே பயணிகள் ரயில் 1853-ல்தான் வந்தது. எனவே இந்தியாவின் முதல் ரயில் பாதை என்ற பெயர் செங்குன்றம் பாதைக்கே கிடைக்கிறது. பயணிகள் கிடையாது. கல் ஏற்றிய வண்டிகள்தான்.

வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் இந்தியாவில் ரயிலுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள் என்று மிகக் கடுமையாக வாதாடப் போகிறவரும் இவர்தான்.

உடம்பு படுத்திய பாடு, நடுவில் கல்யாணம்

காட்டனுக்கு உடல்நலம் அடிக்கடி காலை வாரியது. 1830-ல் ஒருமுறை நோய் விடுப்பில் இங்கிலாந்து போனார். திரும்பி வரும்போது எகிப்து, சிரியா வழியாகத் தரைமார்க்கமாக வந்தார். 1830-களின் கடைசியில் மறுபடியும் உடம்பு படுத்த, இந்த முறை ஓய்வுக்காக ஆஸ்திரேலியப் பக்கம் போனார். அங்கேதான் எலிசபெத் லியர்மன்த் என்ற பெண்ணைச் சந்தித்து 1841-ல் திருமணம் செய்துகொண்டார். 1842 டிசம்பரில் டாஸ்மேனியாவில் மகள் பிறந்தாள். பெயர் எலிசபெத்.

மனைவி, கைக்குழந்தையோடு 1843-ல் இந்தியா திரும்பினார் காட்டன். அடுத்த போஸ்டிங் கோதாவரி.

பஞ்சம் தின்ற மாவட்டம்

கோதாவரி டெல்டாவின் அன்றைய நிலைமை ரொம்ப மோசம். 1832–33-ல் குண்டூர்ப் பஞ்சம். 1839-ல் கோரிங்கா துறைமுகத்தையே துடைத்துப்போட்ட புயல். 1821-க்கும் 1841-க்கும் இடையில் ராஜமுந்திரி மாவட்ட மக்கள்தொகை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்துபோனது.

இத்தனைக்கும் பக்கத்திலேயே கரைபுரண்டு ஓடுகிறது கோதாவரி. உச்ச வெள்ளத்தின்போது அந்த ஆற்றில் ஒரே நாளில் போகும் தண்ணீர், லண்டனின் தேம்ஸ் நதியில் ஓர் ஆண்டு முழுக்க ஓடும் தண்ணீருக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் காட்டன். இவ்வளவு தண்ணீர் இருக்கும் இடத்தில் மக்கள் பட்டினியால் சாவதை இயற்கையின் விதி என்று ஏற்க அவர் தயாராக இல்லை. அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்யாததன் விளைவு என்றே பார்த்தார்.

1847-ல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கியது. ஆற்றை நடுத் தீவுகள் நாலாகப் பிரிக்கும் இடம் அது. அணைப் பகுதிகளின் நீளத்தைக் கூட்டினால் சுமார் மூன்றரை கி.மீ. ஏறக்குறைய 10,000 தொழிலாளர்கள். அவர்களைத் திரட்டி வேலை வாங்கியதில் காட்டனுக்கு வலதுகையாக இருந்தவர் வீணம் வீரண்ணா என்ற இந்திய அதிகாரி. அடுத்த ஆண்டே காட்டன் மறுபடி நோயில் விழுந்தார். வேலையைச் சார்லஸ் ஆர் என்ற இளம் பொறியாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்திரேலியா போனார். 1850-ல் திரும்பி வந்தார். 1852-ல் அணை முடிந்தது.

அதே யோசனையின் தொடர்ச்சியாக, விஜயவாடாவில் கிருஷ்ணா அணைக்கட்டும் ஆர் தலைமையில் 1855-ல் முடிந்தது. பஞ்சத்துக்குப் பேர்போன பகுதி சில பத்தாண்டுகளில் நெல் விளையும் பூமியானது. இன்று ஆந்திராவின் அரிசிக் களஞ்சியம் என்று சொல்லப்படும் கோதாவரி மாவட்டங்களின் கதை அங்கே தொடங்குகிறது.

கடவுள் நம்பிக்கை அவருக்கு என்ன கொடுத்தது?

காட்டன் தீவிரமான கிறிஸ்தவர். மிஷனரி வேலைகளுக்கு ஆதரவு கொடுத்தவர். தென்னிந்தியாவுக்கு வந்த ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரி அவருக்கு நண்பர். அந்தக் காலத்து மிஷனரி எண்ணங்கள் எல்லாமே அவரிடமும் இருந்தன. இந்திய மக்கள் தன் மதத்துக்கு வர வேண்டும் என்று விரும்பியவர்தான்.

ஆனால் அவருடைய நம்பிக்கை பிரசங்கத்தோடு நின்றுவிடவில்லை. மழை கடவுள் கொடுத்த சொத்து, அதைக் கடலில் விட்டுவிட்டு மனிதரைப் பட்டினி போடுவது பாவம் என்ற நினைப்பு அவருடைய அறிக்கைகள் எல்லாவற்றிலும் அடிச்சரடாக ஓடுகிறது. மேலதிகாரிகள் செலவைக் காரணம் காட்டும்போதெல்லாம் விடாமல் மல்லுக்கு நிற்கும் பிடிவாதம் அங்கிருந்துதான் வந்தது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கோதாவரிப் பகுதியில் நீராடுவதற்கு முன் சொல்லும் சங்கல்பத்தில் காட்டன் பெயரையும் சேர்த்து ஒரு சம்ஸ்கிருத சுலோகம் வழங்கி வந்தது. மதம் பரப்ப விரும்பிய ஒரு கிறிஸ்தவரின் பெயரை, தண்ணீர் கொடுத்ததற்காக ஓர் இந்துச் சடங்கு தனக்குள் சேர்த்துக்கொண்டது.

எங்கே சறுக்கினார்?

அவருடைய பலமே பலவீனமாகவும் ஆனது. தன் கணக்கு சரி என்று நம்பிவிட்டால் எதிர்க் கணக்கைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கங்கைக் கால்வாயைக் கட்டிய புரோபி காட்லியோடு 1860-களில் பகிரங்கமாக மோதினார். தலைப்பை வேறு இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது இவர் வாதம். இரண்டு மூத்த பொறியாளர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்து எழுதித் தள்ளினார்கள்.

இந்தியா முழுக்கப் படகு போகும் கால்வாய்களை இணைக்க வேண்டும், பாசனமும் நடக்கும், சரக்கும் மலிவாகப் போகும் என்பது காட்டனின் பெரிய கனவு. நதிநீர் இணைப்பு பற்றி இன்று பேசுபவர்கள் அவர் பெயரை எடுப்பது இதனால்தான். ஆனால் காவிரி டெல்டாவில் பலித்தது எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. அவர் யோசனையை நம்பித் தனியார் முதலீட்டில் எடுத்த கர்நூல்–கடப்பா கால்வாய் பெரும் நஷ்டத்தில் முடிந்தது. கடைசியில் அரசாங்கமே அதை வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது. ஒரிசா கால்வாய்களுக்கும் அதே கதி. சமவெளி டெல்டாவில் ஏற்கெனவே இருந்த வாய்க்கால்களுக்கு உயிர் கொடுப்பது வேறு, மேட்டு நிலத்தில் புதிதாகக் கால்வாய் வெட்டி விவசாயியைத் தண்ணீர் வாங்க வைப்பது வேறு.

1876–78-ல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ரயில் இருந்தும் சாவைத் தடுக்க முடியவில்லையே, அந்தப் பணத்தைப் பாசனத்தில் போட்டிருந்தால் என்று காட்டன் கேட்டார். 1878-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்பு 75 வயதில் போய் சாட்சி சொன்னார். குழு அவர் பக்கம் சாயவில்லை. நஷ்டக் கணக்குகளைக் காட்டி அவருடைய திட்டங்களை மிகையானவை என்று ஒதுக்கியது. பாசனமா ரயிலா என்ற போட்டியில் ரயிலே வென்றது. ஆனால் பஞ்சத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்வி இன்றுவரை வரலாற்று ஆசிரியர்களை விடவில்லை.

கடைசிக் காலமும் மகள் எழுதிய புத்தகமும்

1860-ல் ஓய்வு பெற்ற காட்டனுக்கு 1861-ல் சர் பட்டம் கிடைத்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் டார்கிங் ஊரில் குடும்பத்தோடு வாழ்ந்தார். ஓய்வு என்பது பேருக்குத்தான். அரபு மொழி கற்பவர்களுக்கு ஒரு தொடக்க நூல் எழுதினார். அதற்குப் பின்னாலும் மிஷனரி ஆர்வம்தான். வயதான காலத்திலும் மண்ணை ஆழமாகக் கொத்திக் கோதுமை விளைச்சலைக் கூட்ட முடியுமா என்று தன் நிலத்திலேயே சோதனை செய்துகொண்டிருந்தார் மனுஷன். 1899 ஜூலை 24 அன்று 96 வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டே மகள் எலிசபெத் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பஞ்சத் தடுப்புப் பணி பற்றிய பகுதியைப் பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி எழுதினார். காட்டன் வீட்டில் எப்படிப்பட்ட மனிதர் என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்திலிருந்து வருவதுதான். அதை ஒரு மகளின் பார்வையாகவே படிக்க வேண்டும். சார்லஸ் டார்வின் கடைசிக் காலத்தில் பைபிளுக்குத் திரும்பினார் என்று பிற்காலத்தில் கதை சொன்ன லேடி ஹோப் இவர்தான். டார்வினின் பிள்ளைகள் அதை உறுதியாக மறுத்தார்கள்.

காட்டனின் வேலையைச் சரிபார்க்க நமக்கு அந்தப் புத்தகம் தேவையில்லை. ஆற்றங்கரைக்குப் போனால் போதும்.

182 ஆண்டு நின்றது, பிறகு?

2018 ஆகஸ்ட் 22 இரவு. மேட்டூர் நிரம்பிக் காவிரியில் வெள்ளம். முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 ஷட்டர்கள் அடுத்தடுத்து உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. கட்டமைப்பின் வயது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆற்றில் மணல் அள்ளியதும் காரணமா என்ற விவாதமும் எழுந்தது. பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. தவளேஸ்வரத்திலும் பழைய அணையின் இடத்தைப் புதிய கதவணை எடுத்துக்கொண்டது. அதற்குக் காட்டன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மணலின் மேல் நிற்கும் அணைக்கு அந்த மணல்தான் அஸ்திவாரம். கல்லணையைக் கட்டியவர்களுக்கு அது தெரியும். அவர்களிடமிருந்து காட்டன் கற்றுக்கொண்டதும் அதுதான். அணையை மட்டும் பாதுகாத்துவிட்டுச் சுற்றியுள்ள ஆற்றைச் சுரண்டினால் அணை நிற்காது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளுக்கும் இதே கணக்குதான். கரையும் மதகும் இருந்தால் மட்டும் ஏரி நிரம்பாது. மழைநீர் ஏரிக்கு வந்து சேரும் வரத்துக் கால்வாயும், மிச்சத் தண்ணீர் வெளியேறும் போக்குக் கால்வாயும் திறந்திருக்க வேண்டும். அந்த வழியில் ஒரு சுவர் எழும்பினாலோ, கழிவு நீர் கலந்தாலோ, ஏரி வெறும் பள்ளமாகிவிடும். போரூருக்கு வீராணம் தண்ணீர் வர 200 கி.மீ.க்கு மேல் குழாய் வேண்டியிருந்தது. ஷிப்ட் பஸ் ஜன்னலில் தெரியும் ஏரிக்கு அவ்வளவு தூரக் குழாய் தேவையில்லை, அதன் வாய்க்கால் மூடாமல் இருந்தால் போதும்.